வாசிக்கவும் எழுதவும் பழக்க செல்போன் உதவுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பாலக்கோடு பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், மாலை நேர மையங்களிலும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதும் பெற்றோரும் தன்னார்வலர்களும் சக ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் 1 முதல் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. பெரிய பிள்ளைகளையும் பெரியவர்களையும் பற்றிய கேள்விகள் கடைசிப் பக்கம் இருக்கின்றன.

டீச்சர், செல்போனைக் கொடுத்தால் பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்ளுமா?

கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விட்டால் கற்றுக்கொள்ளாது. கூட உட்கார்ந்தால் நிறைய நடக்கும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போன் கையில் இருக்கும் நேரத்தில் பிள்ளையின் வாய் அசைகிறதா, கை எழுதுகிறதா? சத்தமாக வாசிக்கிறாள், வாசித்ததைப் பதிவு செய்கிறாள், கேட்டு எழுதுகிறாள் என்றால் அது பாடம். கண் மட்டும் திரையில் ஒட்டிக் கிடந்தால், ஓடுவது பாட வீடியோவாகவே இருந்தாலும் அது டிவி பார்ப்பதுதான். கீழே வரும் பதில்களை எல்லாம் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் சொல்கிறேன்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கு இதில் என்ன தனி அவசியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். கிருஷ்ணகிரி 71.46. மாநில அளவில் 80.09. இந்த எண்களைச் சொன்னதும் நம் பிள்ளைகளுக்கு மூளை மந்தம் என்பதுபோலச் சிலர் தலையை ஆட்டுகிறார்கள். அந்தக் கணக்கு 7 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்தது. அதில் பெரும்பாலோர் பெரியவர்கள். பிள்ளைக்கு அதனால் வரும் நஷ்டம் வேறு. வீட்டில் கதை சொல்ல ஆள் உண்டு, புத்தகத்தை மடியில் வைத்து வரிக்குக் கீழே விரல் ஓட்டி வாசித்துக் காட்ட ஆள் இல்லை. அம்மா அப்பா ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பென்னாகரம், ஏரியூர் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். வரியைக் காட்டிக்கொண்டே வாசிக்கும் ஒரு குரல் அந்த வீட்டுக்குக் கிடைத்தால் அது பெரிய விஷயம். போனின் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அவங்க அப்பாவோட பெங்களூரு போயிடுது. நாங்க என்ன செய்யறது?

அப்பாவிடம் போன் இருப்பதே போதும். பாட்டியிடம் ஒரு பட்டன் போன் இருந்தால், இரவு அதிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். கேட்பவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், முடிந்ததும், "அப்புறம் அந்த நரி என்னாச்சு கண்ணு?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை.

அப்பா கேட்கப்போகிறார் என்பதற்காகவே பிள்ளை மாலையிலேயே அந்தப் பத்தியை நாலு தடவை வாசித்துப் பழகிக்கொள்ளும். தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பச் சத்தமாக வாசிப்பதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் சும்மா "பத்து தடவை வாசி" என்றால் எந்தப் பிள்ளையும் வாசிக்காது. யாருக்காக வாசிக்கிறோம் என்று ஒரு ஆள் வேண்டும்.

ஸ்மார்ட்போன் கைக்கு வரும் நாளில் வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்பலாம். அதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு: பிள்ளை தன் குரலைத் தானே கேட்கும். எங்கே திக்கினோம், எங்கே ஒரு சொல்லை விழுங்கினோம் என்று அதுவே கண்டுபிடித்து, "இன்னொரு தடவை பேசறேன்" என்று கேட்கும். ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பதைவிட அது நன்றாக உறைக்கிறது. அனுப்பிய பதிவுகளை அழிக்காதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

எந்தெந்தச் செயலிகளைப் போட்டுக்கொள்ளலாம்?

கூகுளின் ரீட் அலாங் பலருக்குத் தெரியும். 2019இல் இந்தியாவில் போலோ என்ற பெயரில் வந்தது, அடுத்த ஆண்டு பெயர் மாறியது. பிள்ளை சத்தமாக வாசிக்க, தியா என்ற பொம்மைப் பெண் கேட்டுக்கொண்டே வருவாள். திக்கும் சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டுவாள். 2022 ஜூன் 1 முதல் 12 வரை இல்லம் தேடிக் கல்வி மையங்களில் நடந்த வாசிப்பு மாரத்தான் இதை வைத்துத்தான். நல்ல கருவி. ஆனால் சத்தமுள்ள அறையில் தியாவுக்குக் காது கேட்பதில்லை. ஆறு பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினால் யார் வாசித்தாலும் நட்சத்திரம் விழுகிறது. பிள்ளைகளுக்கு அந்த நட்சத்திரம் ஒரு போதை. கதை என்னவென்று கேட்டால் தெரியாது, எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அதனால் கதை முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கதைகளுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய தளம், இலவசம். படக்கதைகள் முதல் நிலையிலிருந்து நான்காம் நிலை வரை பிரித்து வைக்கப்பட்டிருக்கும். நான்காம் வகுப்புப் பிள்ளை என்பதற்காக நான்காம் நிலையில் தொடங்காதீர்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் திக்கினால் ஒரு நிலை கீழே இறங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒரு கருப்புச் சதுரம் இருக்கிறதே, அந்தக் க்யூஆர் கோடை அரசின் பாடச் செயலியான திக்‌ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்தின் வீடியோவும் பாட்டும் வரும். பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த மணற்கேணி செயலியிலும் பாட வீடியோக்கள் இருக்கின்றன. பாடம் விளங்க இவை நல்லது. வாசிப்பு பழக இவை மட்டும் போதாது, ஏனென்றால் அங்கே வாசிப்பது வீடியோவில் வரும் குரல்.

எங்க ஊரில் டவரே கிடையாது. சித்தேரி மலை, அஞ்செட்டிப் பக்கம் எல்லாம் எப்படி?

இணையம் தேவைப்படுவது இறக்கிக்கொள்ளும்போது மட்டும்தான். ரீட் அலாங்கில் கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஸ்டோரிவீவர் கதைகளை பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளலாம். மலையிலிருந்து அரூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை இறங்கத்தான் போகிறார். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். பிடிஎஃப் ஒரு போனில் வந்துவிட்டால், புளூடூத் வழியாகவோ மெமரி கார்டு வழியாகவோ ஊரில் உள்ள மற்ற போன்களுக்குப் போய்விடும், ஒரு ரூபாய் டேட்டா இல்லாமல்.

குரல்பதிவுக்கும் கேமராவுக்கும் இணையமே வேண்டாம் என்பதையும் மறந்துவிடுகிறோம். மலையூர்ப் பாட்டி சொல்லும் கதையைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பிள்ளைகள் நோட்டில் எழுதினால் அந்த ஊருக்கென்று ஒரு புத்தகம் கிடைக்கும். அதைவிடப் பொருத்தமான வாசிப்புப் பாடத்தை எந்தச் செயலியும் தராது.

வீட்டில் தெலுங்கு பேசறோம். பக்கத்து வீட்டில் கன்னடம். பிள்ளை பள்ளியில் தமிழ் படிக்குது. போன் குழப்பிவிடாதா?

ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி, கெலமங்கலம் பக்கம் இருந்து வரும் கேள்வி. போனால் குழப்பம் வராது; வீட்டு மொழியை ஒதுக்கி வைத்தால்தான் வரும். எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் அங்கே நிறைய. வாசிப்புக்கு இரண்டு கால்கள்: எழுத்தைச் சத்தமாக்குவது ஒன்று, அந்தச் சத்தத்துக்குப் பொருள் தெரிவது ஒன்று. இரண்டாவது வீட்டு மொழி வழியாகத்தான் சீக்கிரம் வரும்.

ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். படம் அதேதான், எழுத்து மட்டும் மாறும். முதலில் தெலுங்கில் அம்மா வாசிக்கட்டும். அம்மாவுக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், வாசிக்க வராது என்றால் படத்தைப் பார்த்துக் கதையைத் தெலுங்கில் சொல்லட்டும். பிள்ளைக்குக் கதை தெரிந்துவிட்டது. அப்புறம் அதே கதையைத் தமிழில் திறந்தால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்த தைரியத்தில் எழுத்துக்கு மட்டும் கவனம் கொடுக்கும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் தமிழை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள்; அவர்களுக்கும் இது பொருந்தும்.

திரையில் விரலால் எழுதிப் பழகினால் போதுமா? சிலேட்டு இன்னும் வேண்டுமா?

சிலேட்டு வேண்டும். பென்சிலும் நோட்டும் வேண்டும்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் வாசிக்கத் தெரியாத சுமார் 5 வயதுக் குழந்தைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. சில எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சொந்தமாகக் கையால் எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக வேலை செய்தன. அது ஆங்கில எழுத்து. நம் பிள்ளைகள் பழக வேண்டிய வளைவும் சுழியும் அதைவிட அதிகம் என்பதால் இது நமக்கு இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

புள்ளிக்கோட்டின் மேல் விரலை இழுக்கும் செயலிகள்தான் கடைகளில் அதிகம். கோட்டைத் தாண்டினால் டிங் என்று மணி அடிக்கும், பிள்ளை மணிக்காகவே தாண்டும். அதற்குப் பதிலாக, கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழ் கையெழுத்து உள்ளீடு இருக்கிறது. வெறும் கட்டத்தில் நாம் எழுதினால் அது படித்து அச்செழுத்தாக்கும். ‘ண’வுக்கு ஒரு சுழி குறைந்தால் அது ‘ன’ என்று காட்டிவிடும். பிள்ளை எழுதியதை இன்னொருவர் எப்படி வாசிப்பார் என்று உடனே தெரிகிறது. முதலில் நோட்டில், பிறகு சோதித்துப் பார்க்க போனில் என்ற வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் தட்டச்சு எந்த வயதில்? எந்த விசைப்பலகை?

மூன்றாம் வகுப்புக்கு முன் அவசரம் இல்லை. அதற்குப் பிறகு கற்றுக்கொடுத்தால், நாம் எதிர்பார்க்காத ஒரு பக்கத்தில் உதவுகிறது. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, சத்தத்திலோ ‘க்’ முன்னால் வருகிறது. ‘கொ’வில் ‘க’வுக்கு இரண்டு பக்கமும் குறி. இங்கேதான் பல பிள்ளைகள் திணறி, கொம்பைத் தனியாக ஓர் எழுத்து என்று நினைத்து நிற்கிறார்கள். தமிழ் 99 விசைப்பலகையில் ‘க’வைத் தட்டி ‘எ’யைத் தட்டினால் ‘கெ’ வரும். ‘க’, ‘ஒ’ தட்டினால் ‘கொ’ வரும். மெய்யும் உயிரும் சேர்ந்துதான் உயிர்மெய் என்று வாயால் ஓராண்டு சொன்னதை, விரல் ஒரு வாரத்தில் புரிந்துகொள்கிறது. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும்.

1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. போனில் செல்லினம் செயலியில் கிடைக்கும், கணினியிலும் அமைத்துக்கொள்ளலாம்.

ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாறும் முறை பெரியவர்களுக்கு வசதி. எழுத்து பழகும் பிள்ளைக்கு வேண்டாம். ‘ல’, ‘ள’, ‘ழ’ மூன்றையும் ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைத்துத் தேட வேண்டியிருக்கும். அப்புறம், தட்டும்போதே மேலே சொற்களைக் காட்டும் வசதியை அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள். ‘ப’ என்று தட்டியதும் போனே ‘பள்ளிக்கூடம்’ என்று எடுத்துக் கொடுத்தால் எழுத்துக்கூட்டியது போன், பிள்ளை இல்லை.

பேசினாலே எழுதிக்கொடுக்கிறதே, இனி எதற்கு எழுதப் பழக வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு நான்காம் வகுப்புப் பையன். நியாயமான கேள்விதான்.

பேசி எழுதும் வசதியை நான் தடுப்பதில்லை, தலைகீழாகப் பயன்படுத்துகிறேன். எழுதச் சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிடும் பிள்ளை, மாமா வீட்டு மாம்பழ மண்டியைப் பற்றிப் பேசச் சொன்னால் நிறுத்தாது. அதை மைக்கில் பேச வைத்தால் அரைப் பக்கம் திரையில் வந்து நிற்கும். தான் பேசியது என்பதால் கடினமான சொல்லையும் வாசித்துவிடும். அப்புறம் நோட்டை எடுத்து அதைப் பார்த்து எழுத வேண்டும், போன் செய்த பிழைகளைத் திருத்தி.

பிழைகள் நிறையவே இருக்கும். நம் பேச்சில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிடுவதால் போனும் குழம்பும். ‘வாளப்பளம்’ என்று சொன்னால் தானாகவே ‘வாழைப்பழம்’ என்று திருத்திவிடும் நாளும் உண்டு, எங்கேயோ போய்விடும் நாளும் உண்டு. ஊர்ப்பெயர்களில் நன்றாகச் சொதப்பும். மாரண்டஅள்ளியைச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் புள்ளி இல்லாமல் ஓடும். போனைத் திருத்துவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. தன்னைத் திருத்தினால் சுருங்கிவிடும் பிள்ளைகூட இதில் குஷியாகிவிடுகிறது.

சினிமாப் பாட்டில் இருந்து வாசிப்பு வருமா?

வரும். சிரிக்க வேண்டாம். பாட்டு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் வரிகளைத் திரையின் கீழே ஓட விடுவது என்ற யோசனையை, 1996 முதல் அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்து பிரிஜ் கோத்தாரி என்பவர் முன்னெடுத்தார். தூர்தர்ஷன் பாடல் நிகழ்ச்சிகளில் அது வந்தது. ஏற்கெனவே மனப்பாடமான பாட்டு என்பதால் அடுத்த சொல் எது என்று காதுக்குத் தெரியும், கண் அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். அரைகுறையாக எழுத்து தெரிந்தவர்களுக்கு இது நன்றாக உதவுகிறது.

யூடியூபில் பாடல் வரிகள் என்று தேடும்போது, வரிகள் தமிழ் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு பாட்டை இரண்டு தடவை பார்த்துப் பாடி, மூன்றாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு வரியை மட்டும் பார்த்துப் பாடச் சொல்லுங்கள். அங்கேதான் வாசிப்பு நடக்கும்.

ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, ஒரு கருவி. எப்படிச் சமாளிப்பது?

2022–23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம் அல்லவா, அந்தப் பிரிவே இதற்கும் போதும். கருவியை வகுப்புக்கு என்று ஒதுக்காமல் குழுவுக்கு என்று ஒதுக்குங்கள். அரும்புக் குழுவுக்கு ஆசிரியர் வேண்டும், போன் வேண்டாம். மொட்டுக் குழு கருவியோடு மூலையில் உட்கார்ந்து கதையை மாறி மாறி வாசித்துப் பதிவு செய்யட்டும். மலர்க் குழுவுக்குப் புத்தகம் போதும். வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைச் சிறு புத்தகங்கள் அலமாரியில் சும்மா கிடக்க வேண்டாம். சின்ன ஒலிபெருக்கி ஒன்று இருந்தால் கதையைக் கேட்டுக்கொண்டே எல்லோரும் புத்தகத்தில் விரல் ஓட்டலாம். திரையைச் சுற்றிப் பத்துத் தலைகள் முட்டிக்கொள்வதைவிட அது மேல்.

சக ஆசிரியர்களுக்கு ஒன்று: விவரங்களைச் செயலியில் பதிவேற்றும் வேலைக்கு ஒரு நேரம் குறித்துக்கொண்டு அதற்குள் முடித்துவிடுங்கள். வகுப்பு நேரத்தில் நாம் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், பிள்ளைகளும் அதையேதான் கற்றுக்கொள்வார்கள்.

முன்னேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று இணையத்தில் போட்டிருக்கிறார்களே?

அந்த அளவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை, தமிழுக்கு அப்படியே எடுத்து வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களில் வருவதை நாம் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதை வாசிக்கும் பிள்ளை ஒரு சொல்தான் வாசித்தது என்று கணக்கு வைத்தால் அநியாயம்.

மாதம் ஒருமுறை, அதே அளவு கடினமான புதிய பத்தியை ஒரு நிமிடம் வாசிக்க வைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குப் பெயரும் தேதியும் போடுங்கள். அழிக்காதீர்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். ஜூன் மாதப் பதிவையும் நவம்பர் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் எந்த அட்டவணையும் தேவையில்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்தவள் இப்போது சொல் சொல்லாகச் சொல்கிறாளா, கேள்வி வந்தால் குரல் மேலே போகிறதா, கடைசியில் என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். குரல் ஏற்ற இறக்கம் வந்துவிட்டால் பொருள் புரிகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் எழுத்து நிற்கவே மாட்டேங்குது. சோம்பேறித்தனமா?

‘ண’வும் ‘ன’வும், ‘எ’யும் ‘ஏ’யும் மாறுவது எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. ஆனால் வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் பிள்ளை, மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்தைக் கண்டால் மட்டும் தடுமாறினால், கற்றல் குறைபாடாக இருக்கலாம். கண்ணையும் காதையும் முதலில் பரிசோதித்துவிட்டு, வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இது சேர்க்கப்பட்டிருக்கிறது. முறையான சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அடித்தால் சரியாகாது.

இந்தப் பிள்ளைகளுக்குப் போன் நல்ல நண்பன். சமூக அறிவியல் பாடத்தைக் குரலாகக் கேட்டுப் புரிந்துகொள்ளலாம், எழுத்தைப் பெரிதாக்கி வரிகளுக்கு நடுவே இடைவெளி விடலாம். தமிழை எழுத்துக்கூட்டப் பழகுவது தனியாகத் தினமும் கொஞ்ச நேரம் நடக்கட்டும். அதற்காக மற்றப் பாடங்களில் பின்தங்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

2 முதல் 4 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சிக்கு இருபது நிமிடம் தாராளம். படுக்கையில் வேண்டாம், சாப்பிடும்போது வேண்டாம்.

திரையில் படிப்பதும் புத்தகத்தில் படிப்பதும் ஒன்றுதானே?

கதை என்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான். தகவல் நிறைந்த பாடம் என்றால், அதுவும் அவசரமாகப் படிக்க வேண்டியிருந்தால், காகிதத்தில் படிப்பவர்களுக்கே நன்றாகப் புரிகிறது என்று 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் சொன்னார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான திரைக் கதைகளில் படம் கதையோடு சேர்ந்து அசைந்தால் உதவும். தொட்டால் பூ விரியும், தவளை குதிக்கும் என்று விளையாட்டு வைத்தால் கதை போய்விடும், தவளைதான் மிஞ்சும்.

பிள்ளை வாசிக்கும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

குரல்பதிவை ஆசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் வேண்டாம், ஸ்டேட்டஸில் வேண்டவே வேண்டாம். திக்கி வாசிக்கும் பிள்ளையின் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றினால் அது மறுபடி வாய் திறக்காது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. நன்றாக வாசிக்கும் பிள்ளையின் வீடியோவைப் போடும்முன்கூட அதன் பெற்றோரைக் கேளுங்கள்.

எட்டாம் வகுப்புப் பையன் கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கிக்கொள்கிறான். என்ன செய்ய?

தலைப்பை மாற்றுங்கள். ‘மரம் வளர்ப்போம்’ என்று கொடுத்தால் ஏஐ அழகாக எழுதித் தரும். ‘நம் ஊர் ஏரிக்கரை நடுகல்லைப் பற்றிப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று கொடுத்தால் அவன் எழுந்து போய்க் கேட்டாக வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. படம் எடுக்கட்டும், கேட்டதைப் பதிவு செய்யட்டும், பிறகு அவனே எழுதட்டும். எழுதி முடித்தபின் ஏஐயிடம் கொடுத்து, ‘இதைப் படிப்பவருக்கு என்னென்ன சந்தேகம் வரும்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். வரும் கேள்விகளில் பாதி உருப்படியாக இருக்கும். ஒற்றுப்பிழை திருத்த மட்டும் அதை முழுதாக நம்ப வேண்டாம். இல்லாத பிழையைத் தைரியமாகச் சுட்டிக்காட்டும்.

பேத்தி படிக்கும்போது நானும் எழுத்துப் பழகலாமா?

தாராளமாக. முதியோருக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையங்களும் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ‘அணில், ஆடு’ என்று தொடங்கினால் அலுத்துவிடும். நூறு நாள் வேலை அட்டை, ரேஷன் கடைப் பலகை, பேருந்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் இவற்றைப் பேத்தியைப் போனில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பெரிதாக்கிப் பார்த்து வாசிக்கலாம். பேத்தி டீச்சர் ஆகிவிடுவாள், அவளுக்கும் அது பயிற்சி.

இணையத்தில் பழைய புத்தகம் எடுத்தோம். ‘லை’, ‘னை’ எல்லாம் வேறு மாதிரி இருக்கே?

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும்வரை ‘ணை, லை, ளை, னை’, ‘ணா, றா, னா’ போன்றவற்றுக்கு வேறு வடிவம் இருந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்கள் அப்படியே படமாக இருப்பதால் அந்த வடிவம் தெரிகிறது. பிழை இல்லை. எழுத்து பழகும் பிள்ளைக்கு அவற்றை இப்போது காட்ட வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு மேல் காட்டினால் ரசிப்பார்கள்.

மாதத் தவணையில் டேப்லெட்டும் பாடச் செயலியும் தருகிறோம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். வாங்கலாமா?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வேண்டாம். மேலே சொன்ன எல்லாமே இலவசம். அப்படியும் ஆசை இருந்தால் அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள்: இதில் தமிழ் வாசிப்பு இருக்கிறதா, ஆங்கிலமும் கணக்கும் மட்டுமா? இணையம் இல்லாமல் ஓடுமா? பிள்ளை சத்தமாக வாசிக்க, எழுத என்ன இருக்கிறது? பத்து நாள் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாமா? கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அந்தத் தவணைப் பணத்தில் ஒரு மாதப் பங்கை எடுத்துக்கொண்டு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் பை நிறையக் கதைப்புத்தகம் வாங்கலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், ஒப்பந்தத் தாளை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கொடுத்திருந்தால் வங்கிக்கு நேரில் போய் அதை நிறுத்த எழுதிக் கொடுங்கள். பள்ளிக்கு எடுத்து வந்தால் நானே வாசித்துச் சொல்கிறேன்.